நாலாம் நம்பர் கேபினில் இருந்தவள்

தம்பி,

உதடு ஆறிவிட்டதா? வியாழக்கிழமை நான் தோசைத் திருப்பியால் அடித்தபோது அதன் முனை பட்டு உதடு கிழிந்ததை நீ கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றாய். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து மெட்ராஸுக்குப் போய்விட்டாய். "காலேஜ் படிக்கிற பையன இரும்பால அடிக்கிறியே, உனக்கு மூளை கீளை கெட்டுப் போச்சா?" என்று உன் அப்பா கத்திவிட்டு உரக்கடையைத் திறக்கப் போனார். அவருக்குக் காரணம் தெரியாது. உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை ஏழு வருஷமாக என் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். இதை உனக்கு மட்டும் கவரில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் செய்ததை ஊர் பார்க்கச் செய்தேன். அதனால் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். எங்கே எழுதுகிறேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உன் பேஸ்புக்கை மூடாமல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாய். நான் துடைக்கத்தான் உட்கார்ந்தேன். உங்கள் குரூப்பில் நீ எழுதியிருந்தது அப்படியே நினைவிருக்கிறது, ரோட்டுப் பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன்: "அவ வீடு இன்ன ரோட்டுல. போட்டோல ரேஷன் கடை போர்டு தெரியுது பாருங்க. ஞாயித்துக்கிழமை அட்ரஸ் போடுறேன். அப்பறம் உங்க வேலை." அதற்குக் கீழே உன் சிநேகிதர்கள் வரிசையாக வந்திருந்தார்கள். ஒருவன் அரிவாள் படம் போட்டிருந்தான். இன்னொருவன், "நாக்க அறுத்து எந்த இனத்து நாக்குன்னு லேப்ல குடுத்துப் பார்ப்போம்" என்று எழுதியிருந்தான். அதற்கு நீ சிரித்திருந்தாய். அந்தப் பெண் எழுதியதையும் தேடிப் படித்தேன். திமிராகத்தான் எழுதியிருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், நாங்களும் இந்த ஊர்தான், உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா எந்தக் காட்டிலிருந்து வந்தார் என்று உங்களுக்கு மட்டும் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். படத்தில் அவளுக்கு உன் வயதுதான் இருக்கும்.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட வந்தபோது கேட்டேன்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"ரேஷன் கடை போர்டு."

தட்டைத் தள்ளினாய். "என் ஐடிய எதுக்கு நோண்டுற? உனக்கு இன்டர்நெட்டுன்னா இன்னான்னு தெரியுமாம்மா? வந்தேறிங்க நம்ம மண்ணுல நின்னுக்கினு நம்மளயே கேள்வி கேக்குதுங்க. நாங்க இன்னா கையா வெக்கப் போறோம்? அட்ரஸ் போடுறது ஒரு தப்பா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அடித்தேன். அது என் கேள்வி, தம்பி. ஒரு வார்த்தை மாறாமல் நான் என்னையே கேட்டுக்கொண்டு, தப்பில்லை என்று பதிலும் சொல்லிக்கொண்ட கேள்வி. என் வாயிலிருந்து போனது உன் வாயிலிருந்து திரும்பி வந்தபோது கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

உனக்கு இன்டர்நெட் தெரியுமா என்று கேட்டாயே. கேள். தொண்ணூற்று மூன்றில், பி.ஏ. வரலாறு கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு எனக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள் என் முன்கையைத் தன் முன்கையோடு ஒட்டி வைத்து நிறம் பார்த்தாள். "படிச்ச பொண்ணுதான், ஆனா அடுப்புல வெச்ச பாத்திரம் மாதிரி இருக்குதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறு வருஷமே நீ பிறந்தாய். முதலில் உன் நிறத்தைத்தான் பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அப்புறம் திண்டிவனத்தில் பன்னிரண்டு வருஷம். குழம்பில் உப்பு சரியா என்பதைத் தவிர யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் போட பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் தமிழில் பிளாக் எழுதுகிறவர்களைக் கண்டுபிடித்தேன். கறுப்புதான் இந்த மண்ணின் நிறம், வெளுத்தவனெல்லாம் வந்து ஏறியவன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது அந்த அம்மாளின் முன்கையை முறுக்கி ஒடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கே நானும் ஒரு பிளாக் தொடங்கினேன். வைத்துக்கொண்ட பெயர் ஊமத்தம்பூ.

உன் அம்மா அங்கே பெரிய ஆள், தம்பி. ஊமத்தம்பூ எழுதினால் சாயங்காலத்துக்குள் சண்டை பற்றிக்கொள்ளும். யார் அசல் இனம், யார் கலப்பு, யாருக்கு மூக்கு எப்படி, யார் வீட்டுத் தெய்வம் எந்த வழியாக வந்தது என்று தினமும் ரத்தக்களரி. வரலாறு படித்தவள் என்பதால் கல்வெட்டு, செப்பேடு என்று நாலு வார்த்தை போட்டு எழுதுவேன்; பாதி எனக்கே நிச்சயமாகத் தெரியாது. "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அவன் குடலை உருவிடுறோம்" என்று முகம் தெரியாத பையன்கள் எழுதுவார்கள். அந்த "அக்கா"வுக்காகத்தான் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே அடுத்த பதிவை யோசிப்பேன். வந்தேறி என்ற சொல் நம் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான், என் வழியாக. உனக்குச் சோறு போட்டுக்கொண்டே, உன் கூடப் படிக்கிறவர்களில் யார் யார் வந்தேறி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொடுத்தேன். பக்கத்து பெஞ்சுப் பையனிடம் நீ அதைப் போய்ச் சொல்ல, அவன் காம்பஸால் உன் தொடையில் குத்தினான். தழும்பு இன்னும் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவனை முட்டி போட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எதிராளி என்று ஒருவன் இருந்தான். சரளைக்கல் என்ற பெயரில் எழுதுவான். நான் எது எழுதினாலும் அரைமணியில் வந்து, "அக்காவின் கல்வெட்டு எந்த ஊரில் இருக்கிறது? பஸ் நம்பர் சொன்னால் போய்ப் பார்ப்போம்" என்று எழுதுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் திட்டினால் கோபமே படமாட்டான்; அதுதான் எரியும். "நீ எந்த இனம், அதை முதலில் சொல்" என்று எல்லாரும் கேட்டும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, சின்ன வயதில் மாதா தேருக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடந்ததை எழுதியிருந்தான். கிறிஸ்தவன் என்று பிடித்துக்கொண்டோம். மிச்சத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று என் ஆட்களிடம் சபதம் மாதிரி சொன்னேன்.

இப்போது நான் செய்த கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறேன். உன் ரேஷன் கடை போர்டுக்கு அக்கா முறை ஆகும் அது. அப்போது பிளாக்கின் ஓரத்தில் ஒரு கவுன்டர் வைத்திருப்போம். யார் வந்து படித்தாலும் வந்த நேரமும், அவர்கள் கம்ப்யூட்டர் லைனின் எண்ணும் அதில் விழும். ஒரு நாள் காலை பதினொன்றே காலுக்குச் சரளைக்கல்லின் கமென்ட் வந்தது. அதே நிமிஷத்தில் கவுன்டரில் விழுந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் நான் வழக்கமாகப் போகும் அந்த பிரவுசிங் சென்டர் சுவரில் அதே எண்ணைப் பார்த்தேன். லைன் ரிப்பேருக்கு வந்த ஆள் ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அந்தக் கடைக்கான எண். பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம். கீழே உட்கார்ந்து எப்போதும் எதையோ டைப் அடித்துக்கொண்டிருப்பவர் கடைக்காரர் லூர்து அண்ணன். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

லூர்து அண்ணனை உனக்கு நினைவிருக்கும். நீ லூர்து மாமா என்று கூப்பிடுவாய். லீவில் நீ என்னோடு வந்தால் காலியாக இருக்கிற கேபினில் கார் ரேஸ் போட்டுக் கொடுப்பார். "தம்பி, ஜல்தியா ஓட்டு, போலீஸ் வர்றான் பாரு" என்பார். அவர் பெயரை நான் எழுதவில்லை. அதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம். திண்டிவனம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படி ஓரம் முதல் கடை, மாதா படம், கறுப்பு பிரேம் கண்ணாடி. இவ்வளவுதான் எழுதினேன். கடைசி வரியாக, "சரளைக்கல்லை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்" என்று போட்டேன். வீட்டுக்குப் போய்க் கேப்பை மாவு பிசைந்து அடை சுட்டேன். அட்ரஸ் போடுவது ஒரு தப்பா?

மூன்றாம் நாள் காலையில் நான் அங்கே நாலாம் நம்பர் கேபினில் இருந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். கடையில் என்னையும் அவரையும் தவிர யாரும் இல்லை. ஐந்து பேர் வந்தார்கள். ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி வாசலில் சாத்தியிருக்கும். ஒருவன் அதை எடுத்து ஷட்டரைக் கீழே இழுத்தான். உள்ளே இருட்டாகி, என் திரை வெளிச்சம் மட்டும் பலகைத் தடுப்பின் மேல் இருந்தது. "நீதானடா சரளைக்கல்லு?" என்றான் ஒருவன். "இன்னாப்பா கல்லு? ஜல்லி வேணும்னா கிரஷருக்குப் போ" என்று சிரித்தபடி எழுந்தார் லூர்து அண்ணன். முதல் அடி அந்தச் சிரிப்பின் மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்து ஒரு துண்டு உருண்டு என் கேபினுக்குள் வந்தது. "ஏம்ப்பா, யாருப்பா நீங்க, ஆளு மாறி வந்துட்டீங்கப்பா" என்று அவர் கத்தியது கேட்டது. "ஊமத்தம்பூ அக்கா எழுதினா மாறாதுடா" என்று பதில் வந்தது. அப்புறம் அவர் வலது கையை மேஜை மேல் பிடித்து வைத்தார்கள். "எழுதுவியா? எழுதுவியா?" என்று கேட்டுக் கேட்டுக் கம்பியால் அடித்தார்கள். எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும், தம்பி. முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்காது. ஈரத்துணிக்குள் வைத்துக் கல் உப்பை நசுக்குவது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக நெரியும்.

ஒருவன் என் கேபின் திரைச்சீலையை விலக்கினான். மீசை சரியாக முளைக்காத பையன். என்னைப் பார்த்ததும் கம்பியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அக்கா, நீங்க பேமிலி லேடீஸ், உங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல. போயிடுங்கக்கா" என்று மரியாதையாகச் சொன்னான். மற்றவர்களிடம், "டேய், அக்கா போவட்டும், ஷட்டரத் தூக்கு" என்றான். இடுப்பளவு தூக்கினார்கள். லூர்து அண்ணன் தரையில் கிடந்தார், கண்ணாடி இல்லாத முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நான்தான் ஊமத்தம்பூ, நிறுத்துங்கடா என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். என் பேச்சைக் கேட்டுத்தானே வந்தார்கள்? நான் பையை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் பின்னால் ஷட்டர் மறுபடி இறங்கியது.

இரண்டு நாள் கழித்து சரளைக்கல் எழுதினான். "யாரையோ போட்டு அடித்திருக்கிறீர்கள். நான் துபாயில் இருக்கிறேன். திண்டிவனத்தை ரயிலில் போகும்போது பார்த்ததோடு சரி." நான் நம்பவில்லை, நம்பப் பயந்தேன். அந்த வாரம் விழுப்புரத்தில் வேறொரு கடையில் உட்கார்ந்து என் பிளாக்கைத் திறந்தேன். கவுன்டரில் அந்த நிமிஷத்துக்கு நேராகப் புதிதாக ஒரு எண் விழுந்தது. அது அந்த விழுப்புரம் கடையின் எண், அதாவது நான். அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குப் பதினொன்றே காலுக்கு லூர்து அண்ணன் கடையில் உட்கார்ந்து, அவன் கமென்ட் போட்டுவிட்டானா என்று என் பிளாக்கையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். அவன் பக்கத்தை எப்போதோ திறந்து வைத்திருப்பான்; அந்த நிமிஷம் கவுன்டரில் விழுந்தது என் வருகை. நான் பிடித்துக் கொடுத்த எண் என்னுடையது. அதை அங்கே எழுதவில்லை. என் ஆட்களுக்கு வருத்தமும் இல்லை. "ஆள் மாறினா என்னக்கா, அவனும் அந்தக் கூட்டம்தான்" என்று எழுதிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். நான் எழுதுவதை நிறுத்தினேன். உன் அப்பாவை நச்சரித்து விழுப்புரத்துக்குக் கடையை மாற்ற வைத்தேன். லூர்து மாமா கடைக்கு ஏன் போகவில்லை என்று நீ கேட்டபோது, அவர் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார் என்றேன்.

போன வருஷம் உன்னைக் காலேஜில் சேர்க்கப் போனபோது விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் ஒரு ஓட்டலில் பஸ் நின்றது, நினைவிருக்கிறதா? நீ காதில் வயரை மாட்டிக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தாய். டீக்கு டோக்கன் கொடுத்தவர் இடது கையால் கொடுத்தார். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் பிரியாமல், வெந்த இஞ்சி மாதிரி. "அட, நீங்களாம்மா? நம்ம கார் ரேஸ் தம்பியா அது? வளந்துட்டானே" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. "அன்னிக்கி என் கடைக்கு வந்து உங்களுக்குத்தாம்மா பெரிய பேஜாரு. பொம்பளப் புள்ள பார்க்கக் கூடாததெல்லாம் பார்த்துட்டுப் போச்சேன்னு ஆஸ்பத்திரில கூட நெனச்சிக்கினு இருந்தேன்." நான் டோக்கனை வாங்கிக்கொண்டேன். டீயும் குடித்தேன்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று சனிக்கிழமை. காலையில் விக்கிரவாண்டிக்குப் போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன், குறைவதாக இல்லை. வரிசையிலேயே நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். "அண்ணே, அந்த ஊமத்தம்பூ நான்தாண்ணே. உங்க கடைய எழுதிப் போட்டவ நான்தான்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "இன்னாம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். எண்ணைச் சொன்னேன், சுவர்ப் பேப்பரைச் சொன்னேன். பின்னால் நின்ற லாரிக்காரர், "சீக்கிரம் ஆவட்டும்மா, வண்டி நிக்குது" என்றார். லூர்து அண்ணன் வலது கையை இடது கையால் தூக்கி டோக்கன் மேஜை மேல் வைத்தார், அன்றைக்கு அவர்கள் பிடித்து வைத்த அதே மாதிரி. "பாருங்க" என்றார். பார்த்தேன். "நல்லா பாருங்க." பார்த்தேன். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். "எழுதினது கெடக்கட்டும். அப்ப உள்ளதான இருந்தீங்க? அந்தப் பையன் உங்ககிட்ட அக்கான்னு பேசினானே. இவர் இல்லடான்னு ஒரு வார்த்தை. அது கூட வாயில வரலியா?"

"வரலண்ணே."

"பேயி" என்றார், மெதுவாக. பிறகு சத்தமாக, ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "போங்க! இந்தப் பக்கம் இனிமே வராதீங்க, போங்க!" என்றார். மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீரை இடது கையால் எடுத்து என் முகத்தில் வீசினார். குறி தவறி டம்ளரும் சேர்ந்து வந்து புருவத்தில் பட்டது. நான் துடைக்கவில்லை. லாரிக்காரர் என்னைத் தாண்டி முன்னால் நகர்ந்து இரண்டு டீ கேட்டார். லூர்து அண்ணன் டோக்கன் கிழித்தார். மன்னித்தார் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை.

தம்பி, நீ கெட்டிக்காரன். போட்டோவில் போர்டைப் படித்துவிட்டாய். அந்த வீடு அவளுடையதா, அத்தையுடையதா, பக்கத்து வீட்டு வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படமா என்று உனக்குத் தெரியாது. அவளுடைய வீடாகவே இருக்கட்டும். அப்போதும் கதவைத் திறக்கப் போவது அவள் அம்மாவாக இருக்கலாம், கையில் மாவோடு. நீ கை வைக்கப் போவதில்லை என்றாய். நானும் வைக்கவில்லை. என் கை அன்றைக்கு முழுவதும் சுத்தமாகத்தான் இருந்தது.

இதை ஊமத்தம்பூவிலேயே போடுகிறேன். பிளாக் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பாஸ்வேர்டு உன் பெயர்தான், மறக்கவில்லை. நான் எழுதியது எதையும் அழிக்கவில்லை. அழித்தால் அதுவும் ஒரு ஷட்டர் இறக்குவது மாதிரிதான். லூர்து அண்ணன் கடையைப் பற்றிய பதிவுக்கு மேலே இது இருக்கும், கீழே என் சொந்தப் பெயர் இருக்கும். உன் குரூப்பில் இருப்பவர்களில் இரண்டு மூன்று பேராவது பழைய ஊமத்தம்பூ ஆட்களாக இருப்பார்கள். இன்று சாயங்காலத்துக்குள் உனக்கே அனுப்பி, இது உன் அம்மாவா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல். உன் அப்பாவிடம் இன்று மத்தியானம் நானே சொல்லிவிடுகிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை; பயமாகத்தான் இருக்கிறது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் குரூப்பில் நீ எழுதி வைத்திருப்பதை நான் தொடவில்லை. என்னால் அழித்திருக்க முடியும். நீதான் அழிக்க வேண்டும். அழிக்க மனமில்லை, போட்டுத்தான் தீருவேன் என்றால், அந்தப் பெண்ணின் முகவரிக்கு முன்னால் நம் வீட்டு முகவரியைப் போடு. தெருப் பெயரோடு, கதவு எண்ணோடு, வாசலில் செம்பருத்தி இருப்பதையும் சேர்த்து எழுது, ஆள் மாறக்கூடாது. இனத்துக்குத் துரோகம் செய்தவள் இங்கேதான் இருக்கிறாள் என்று போடு, அதற்கு வேண்டிய காரணம் எல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் இங்கே வரட்டும். நான் கதவைத் திறந்து வைத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். போயிடுங்கக்கா என்று எவனாவது மரியாதையாகச் சொன்னாலும், இந்தத் தடவை குனிந்து வெளியே போக மாட்டேன்.

அம்மா